உட்காரச் சொன்ன நாள்

கடை திறந்து சாம்பிராணி காட்டி முடித்ததும் ஸ்பீக்கரில் சூப்பர்வைசர் அருணாசலம் அண்ணாச்சியின் குரல் வந்தது. வழக்கமாக அந்தக் குரலுக்கு இரண்டே செய்திதான் தெரியும். சுவரில் சாயக் கூடாது, கூடிப் பேசக் கூடாது. அன்றைக்கு அது வேறு மாதிரி பேசியது.

"எல்லாரும் அவங்கவங்க ஸ்டூல்ல உக்காருங்க. நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது."

பட்டுச் சேலைப் பிரிவில் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தென்காசியின் அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் நான் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. நில் என்று திட்டு வாங்கியிருக்கிறேன். நேராக நில் என்றும், சிரித்துக்கொண்டே நில் என்றும் வாங்கியிருக்கிறேன். உட்கார் என்று ஒருவரும் திட்டியதில்லை.

அண்ணாச்சி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "ஏட்டி பேச்சி, ஒனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சுச் சொல்லணுமா? உக்காரு."

உட்கார்ந்தேன். ஸ்டூலின் பிளாஸ்டிக் உறை எனக்கடியில் கிறீச்சென்றது. வாங்கி வந்த நாள் முதல் பிரிக்காத உறை.

இந்தத் தொடரில் போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வாழ்க்கையில் என்ன இருக்கிறது, வேலைதான். அந்த வேலையில் நாங்கள் உட்கார்ந்த கதையை இந்த வாரம் சொல்லிவிடுகிறேன்.

நிற்பதும் ஒரு தகுதி

வேலை கேட்டுப் போன அன்று முதலாளி என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. "எம்புட்டு நேரம் நிப்பே?" என்றார்.

"எம்புட்டு நேரம்னாலும் நிப்பேன் மொதலாளி."

பெருமையாகத்தான் சொன்னேன். என் அம்மா பீடி சுற்றியவள். மடியில் முறத்தை வைத்துக் குனிந்தால் விளக்கு வைக்கும் வரை நிமிர மாட்டாள். எங்கள் வீட்டில் சோற்றிலும் புகையிலை வாசம் வரும். கடைசிக் காலத்தில் படுக்கையில்கூட அவள் உட்கார்ந்த வாக்கில் வளைந்துதான் கிடந்தாள். அப்படிக் குனிந்தே வாழ்ந்தவள், நடமாட்டம் இருந்த நாளில், எனக்கு வேலை கிடைத்ததும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்: "எம் மவளுக்கு நின்னு பாக்குத வேலை கெடச்சிருக்கு."

என் வீட்டுக்காரர் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிறவர். அருவிக்கு வருகிறவர்களைப் படுக்க வைத்து, பக்கத்தில் மண்டி போட்டு, தலை முதல் கால் வரை தேய்த்துவிடுவார். ஆக எங்கள் குடும்பத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள், ஒருத்தி நின்றாள், ஒருவர் மண்டி போட்டார். படுக்கிற வேலை ஒன்றுதான் பாக்கி. "அது கஸ்டமருக்குள்ளது" என்பார் அவர்.

அவர் வேலைக்கு எந்தச் சட்டமும் கிடையாது. சாரல் விழாவிட்டால் கூட்டம் வராது, வேலை இல்லை. சாரல் அளவுக்கு மீறி, அருவியில் தண்ணீர் கூடிக் குளிக்கத் தடை போட்டாலும் வேலை இல்லை. "எங்க மொதலாளி மேலதான் இருக்காரு" என்று மலை உச்சியில் நிற்கும் மேகத்தைக் காட்டுவார். "அவருட்டப் போயி யாரு சட்டம் பேச?"

வருஷத்தில் பாதி நாள் அவர் வீட்டில்தான் இருப்பார் என்பதால், மகளின் நர்சிங் படிப்பு என் கால்களின் மேல்தான் நின்றது. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

எங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். எங்கள் வீட்டில் துக்கம் என்றால் மாலையோடு முதல் ஆளாக வந்து நிற்பார். மழை நாளில் வேன் வைத்து வீட்டில் இறக்கிவிடச் சொல்லுவார். எங்கள் காலைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அக்கறை உள்ள மனிதர்.

சட்டம் வந்தது, ஸ்டூல் வந்தது

கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, தென்காசியில் முதலில் கீழ்ப்படிந்தது எங்கள் முதலாளிதான். சிவப்பு நிறத்தில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். போட்டோவும் எடுத்தார்கள். ஸ்டூல்கள் முன்வரிசையில், முதலாளி நடுவில், நாங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தோம்.

விதியை அண்ணாச்சி விளக்கினார். "கஸ்டமர் இல்லாத நேரத்துல தாராளமா உக்காரலாம். ஆனா ஒண்ணு, கஸ்டமர் இல்லாத நேரம்னு ஒண்ணு கெடையாது. ரோட்டுல நம்ம போர்டப் பாத்துட்டுப் போறவனும் கஸ்டமர்தான்."

உறையைப் பிரித்தால் அழுக்காகிவிடும் என்பதால் பிரிக்கவில்லை. மற்றபடி ஸ்டூல்கள் சும்மா இருக்கவில்லை. மேல் அலமாரியில் இருப்பதை எடுக்க நாங்கள் அதன் மேல் ஏறி நின்றோம். வந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பூந்தொட்டிகள் உட்கார்ந்தன.

குடோனில் ஒரு பொம்மை வெகுநாளாகக் கிடந்தது. முழங்கால் மடக்கி உட்கார்ந்த நிலையில் செய்த பெண் பொம்மை. உட்கார வைக்க இடமில்லாமல் போட்டு வைத்திருந்தார்கள். அதைத் துடைத்து, அரக்குப் பட்டு கட்டி, பட்டுப் பிரிவு வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். சட்டத்தால் எங்கள் கடையில் முதலில் பலன் அடைந்தவள் அவள்தான்.

பொம்மைக்கு மாற்று ஆள்

முத்துலெட்சுமி எனக்கு அடுத்த கவுண்டர். கடையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். பேச்சு குறைவு, ஆனால் பேசினால் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். நின்று நின்று அவள் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. சாயங்காலம் ஆனால் பாதம் செருப்புக்குள் போகாது.

பெரியாஸ்பத்திரியில் காட்டினாள். ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதை அண்ணாச்சியிடம் வந்து சொன்னாள்.

"டாக்டரு உக்காந்துக்கிட்டுச் சொல்லுதாரு. அவருக்கென்ன?" என்றார் அண்ணாச்சி.

அது நல்ல சாரல் காலம். கீழ்த்தளத்தில் கால் வைக்க இடமில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத் தலையோடும் எண்ணெய் வாசத்தோடும் வருகிறவர்கள் துண்டும் உள்ளாடையும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனால் அருவியில் நனைந்து வருகிறவர் யாரும் பட்டுச் சேலை எடுக்க மாட்டார். மேல் மாடியில் எங்கள் பிரிவில் ஈ காக்கை இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றுகொண்டிருந்தோம்.

திடீரென்று முத்துலெட்சுமி வாசலுக்குப் போனாள். அந்தப் பொம்மையைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கினாள். கொண்டுவந்து கவுண்டர் மேல் படுக்க வைத்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

கேமரா பார்த்துவிட்டது. அண்ணாச்சி ஏறி வந்தார். அவர் பார்வை முதலில் போனது பொம்மையின் மீதுதான்.

"பொம்மைய யாரு படுக்க வச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் முத்துலெட்சுமி, கண்ணைத் திறக்காமல். "காலையிலருந்து உக்காந்தே இருக்கு. இடுப்பு வலிக்கும்லா."

அன்று மாலையே அவளைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். உட்கார்ந்ததற்காக இல்லை, சட்டம்தான் இருக்கிறதே. கடைப் பொருளை அனுமதி இல்லாமல் இடம் மாற்றியதற்காக என்றார் முதலாளி. பொம்மை மறுபடி ஸ்டூலுக்கு வந்தது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். "நீ ஒண்ணும் பேசிராத" என்றார். "சீசன் முடியப் போவுது."

நான் பேசவில்லை. எனக்கும் பயம்தான்.

முத்துலெட்சுமி வேறு கடை தேடிப் போவாள் என்று நினைத்தோம். அவள் நேராகத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லிவிட்டு, கடையத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

ஸ்டூல் மேல் ஒரு பகல்

அதிகாரி வரப் போகிறார் என்ற செய்தி எப்படியோ கடைக்கு முன்னதாகவே வந்து சேர்ந்தது. எந்த நேரத்தில் வருவார் என்பது மட்டும் தெரியவில்லை. அதனால்தான் காலையிலிருந்தே உட்காரச் சொல்லி உத்தரவு.

உட்காருவது அத்தனை கஷ்டம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. முதல் கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. அப்புறம் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி எல்லோரும் முதுகை விறைத்துக்கொண்டு இருந்தோம். ஆள் ஏறி வரும்போதெல்லாம் பழக்கத்தில் எழுந்துவிடுவோம்.

"ஏட்டி, எந்திரிக்காத" என்று ஓடி வருவார் அண்ணாச்சி. அவர் கெஞ்சுவதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவகிரியிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணச் சேலை எடுக்க வந்தது. முன்னால் வந்தவர் முறுக்கு மீசை வைத்த பெரியவர், போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர் என்று பேச்சிலேயே தெரிந்தது. எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தாயி, தர்ணாவா?"

"இல்ல ஐயா. உக்காரச் சொல்லிருக்காவ."

"யாரு?"

"மொதலாளிதான்."

அவர் தன் சர்வீஸில் இப்படி ஒரு வாக்குமூலம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நாங்கள் எழ முடியாததால் அண்ணாச்சியே சேலை எடுத்துக் காட்டினார். எந்த அடுக்கில் எது இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கல்யாணப் பெண் மாம்பழ நிறம் கேட்டாள், அவர் பச்சையைப் பிரித்தார். பிரித்ததை மடிக்கவும் தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டார். வியர்வை சட்டையைத் தாண்டி வந்தது.

அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்தார். கைப்பையோடும் நனைந்த குடையோடும் வந்த ஒரு நடுவயதுப் பெண். முதலாளி பின்னாலேயே வந்தார். அந்த அம்மாள் கடை முழுக்கப் பார்த்தார். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வாசலில் பொம்மையும் உட்கார்ந்திருந்தது. கடை ஆட்களில் நின்றது சேலை சுமந்த அண்ணாச்சி ஒருவர்தான்.

என் அருகில் வந்தவர் குனிந்து ஸ்டூலின் உறையைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பலருந்தும்மா உக்காருறீங்க?"

தினமும் உட்காருகிறோம் என்று சொல்லும்படி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். அந்தப் பொய்யை எந்த முகத்தோடு சொல்வது என்று யோசிப்பதற்குள் உண்மை வந்துவிட்டது.

"காலையிலருந்து மேடம்."

"நாளைக்கும் உக்காருவீங்களா?"

"அது அண்ணாச்சிதான் சொல்லணும் மேடம்."

அதிகாரி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். வேலையை விட்டு அனுப்பிய பெண்ணைப் பற்றி முதலாளியிடம் கேட்டார். பொம்மையை நகர்த்திய விவரத்தை முதலாளி சொன்னார். அவர் சொல்லி முடித்தபோது அது அவருக்கே நன்றாக இல்லை என்று எனக்குத் தோன்றியது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும், மறுபடியும் வருவேன், எப்போது என்று சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் இறங்கிப் போனார்.

மரத்துப்போன கால்

அவர் குடை தெருமுனை தாண்டியதும் அண்ணாச்சி கையிலிருந்த சேலைகளைக் கவுண்டரில் போட்டார்.

"எந்திரிங்க எல்லாரும். கஸ்டமரப் பாருங்க."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. உட்கார்ந்து பழக்கமில்லாத கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. அப்படியே இருந்தேன்.

பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்தாள். பேச்சி அக்காவே எழுந்திருக்கவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எழப் போனவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். கண்மூடித் திறப்பதற்குள் மாடி முழுக்க ஒருத்தியும் எழவில்லை. கால் மரத்துப் போச்சு என்று சொல்ல வாயெடுத்த நான் அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"என்னட்டி, நாடகம் ஆடுதியளா?" என்றார் அண்ணாச்சி. குரல் உயரவில்லை.

முதலாளி என் முன்னால் வந்து நின்றார். "பேச்சி, ஒனக்கு என்ன வேணும்?"

எனக்கு அப்போது வேண்டியிருந்தது கொஞ்சம் தைலம். பதில் வந்தது எனக்குப் பின்னாலிருந்து. குழந்தைகள் துணிப் பிரிவின் செய்யதம்மாள், வருஷக்கணக்காக வந்ததும் போனதும் தெரியாத பெண், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"முத்துலெட்சுமியக் கூப்புடுங்க மொதலாளி. அவ வரட்டும், நாங்க எந்திரிக்கோம்."

யாரும் கை தட்டவில்லை, கோஷம் போடவில்லை. முதலாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மொத்தப் பேரையும் அனுப்ப முடியுமா என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. என் மகளின் முகம் எனக்கு வந்து வந்து போனது. இப்போதாவது சொல்லிவிடலாம், கால் மரத்துவிட்டது, வேறொன்றுமில்லை என்று. ஆனால் அதற்குள் உணர்வு திரும்பி உள்ளங்காலில் ஊசி குத்த ஆரம்பித்திருந்தது. அதாவது, நான் எழுந்திருக்கலாம். எழவில்லை. அந்த நிமிஷத்திலிருந்து நான் உட்கார்ந்திருந்தது என் சொந்த விருப்பத்தில்.

சிவகிரிப் பெரியவர்தான் பொறுமை இழந்தார்.

"ஏன்யா, அந்தப் பிள்ளையக் கூப்புட்டுத்தான் தொலையுமேன். எங்களுக்கு முகூர்த்தச் சேலை எடுக்கணும். இந்த மனுசன் அக்குள்ள இடுக்குனத எங்க வீட்டுப் பொண்ணுக்கு உடுத்த முடியுமா?"

எங்கள் முதலாளி எந்தச் சட்டத்துக்கும் மேலாக மதித்தது வந்த கஸ்டமரை. அங்கேயே போனை எடுத்தார். முத்துலெட்சுமி எடுத்தாள். நாளைக் காலை வந்துவிடும்படி சொன்னார். மறுமுனையில் அவள் ஏதோ கேட்டாள்.

"ஆமா, உக்காரலாம்" என்றார் முதலாளி. சற்று நிறுத்தி, "பொம்மைய நானே எடுத்துருதேன்" என்றார்.

எழுந்தோம். மாம்பழ நிறத்தில் சேலை எடுத்துக் கொடுத்தேன். பெரியவர் போகும்போது, "இப்படித்தான் தாயி இருக்கணும்" என்று என்னிடம் சொன்னார். எப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பாராட்டு விழா

அதற்குப் பிறகு ஸ்டூல்களின் உறை பிரிக்கப்பட்டது. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தோம். வியாபாரம் குறையவில்லை. உட்கார்ந்து எழுந்தவள் சிரித்த சிரிப்பு கொஞ்சம் நிஜமாகவே இருந்தது.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தீபாவளி நெருங்கும்போது ஸ்டூல்கள் இட நெருக்கடி என்று குடோனுக்குப் போகும், கேட்டுக் கேட்டு வாங்கி வருவோம். முத்துலெட்சுமியின் நரம்பு உள்ளே போகவில்லை. ஆனால் சாயங்காலம் அவள் பாதம் செருப்புக்குள் போயிற்று.

அடுத்த சீசனுக்குள் இந்த ஏற்பாடு முழுக்க முதலாளியின் யோசனை என்று ஊரில் பெயராகிவிட்டது. வியாபாரிகள் சேர்ந்து குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். 'அமர வைத்த அண்ணல்' என்று பட்டம். எங்களையும் யூனிபார்ம் சேலையில் வேன் வைத்துக் கூட்டிப் போனார்கள்.

மண்டபம் நிறைய நாற்காலி போட்டிருந்தது. எல்லாம் விருந்தினருக்கு. எங்களைச் சுவரோரமாக வரிசையாக நிறுத்தினார்கள். முதலாளி பேசும்போது எங்களைக் காட்டுவார், அப்போது எல்லோரும் பார்க்க வசதியாக இருக்கும் என்றார்கள். வெளியே சாரல். அருவிச் சத்தம் மைக்கோடு போட்டி போட்டது. ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். தொழிலாளியை உட்கார வைத்துப் பார்த்த உள்ளம் என்றார் ஒருவர். நாங்கள் கால் மாற்றி நின்று கேட்டோம்.

கடைசியில் முதலாளி மைக் முன்னால் வந்தார். அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்ட நேரத்தில் முத்துலெட்சுமி வரிசையை விட்டு நடந்தாள். முன்வரிசையில் வராத ஒரு பிரமுகருக்காகத் துண்டு விரித்து வைத்திருந்த நாற்காலியில், துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடி வந்து குனிந்தார். "யக்கா, இது வி.ஐ.பி. சீட்டு."

"மேடையில என்னையப் பத்தித்தான் பேசுதாவ" என்றாள் அவள். "உக்காந்து கேக்காண்டாமா?"

அவர் மேடையைப் பார்த்தார். முதலாளி அவளைப் பார்த்தார். தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார், மெதுவாகக் கீழே வைத்தார். எங்களைக் காட்டுவதற்கென்று தயார் செய்திருந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நாங்கள் நின்றதை அன்றைக்கு யாரும் பார்க்காமல் போனது இப்படித்தான்.

வேனில் திரும்பும்போது செய்யதம்மாள் அவளிடம் கேட்டாள். "எப்படிட்டி இருந்துச்சு?"

முத்துலெட்சுமி கொஞ்சம் யோசித்தாள்.

"சேர் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பேச்சுதான் ரொம்ப நீளம். நின்னுக்கிட்டுக் கேக்க முடியாது."